யாருமே ஏறாத ஸ்டேஷன்

வண்டி நின்றுவிட்டது. பெண்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். தனம் மட்டும் ஏறவில்லை.

கையில் டிக்கெட் இருக்கிறது. அதைத் தலைக்கு மேலே தூக்கி எனக்குக் காட்டுகிறாள். இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா. பச்சைப் புடவை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவளைப் போல நிற்கிறாள். ஜன்னல் கம்பிக்குள் டப்பா நுழையாது. அதனால் வாசல் பக்கம் ஓடி, ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அதைத் திணித்து, “அந்தக் கண்ணாடி போட்ட அம்மாகிட்ட குடு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் என் ஜன்னலுக்கு ஓடி வருகிறாள்.

“ஏறுடி! எடுத்துடப் போறான்!” என்று கத்தினேன்.

“நான் எங்கடி வர்றது? எனக்கு இன்னா அங்க வேலையா வெட்டியா? நீ போ.”

“அப்புறம் டிக்கெட்டு இன்னாத்துக்கு எடுத்த?”

“கணக்குக்கு!”

வண்டி கிளம்பியது. அவள் சிரித்தபடியே கூட நடந்து வந்தாள். சின்ன பிளாட்பாரம், சீக்கிரம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண், “இன்னாச்சுக்கா?” என்று கேட்டதற்கு, “ஒன்னும் ஆகல, நீ மொதல்ல கால மடக்கி உக்காரு” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

போகாத ஊருக்கு ஒருத்தி ஏன் டிக்கெட் வாங்கினாள்? அந்தக் கதைதான் இந்த வாரம்.

டப்பா மாற்றம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் ஜெயசீலி. வீடு குடியாத்தம். வாணியம்பாடி பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் தையல்காரியாகச் சேர்ந்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசு மோசமில்லை என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார்.

காலையில் காட்பாடிப் பக்கமிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் பாசஞ்சர் வண்டிதான் எங்கள் வண்டி. பெண்கள் பெட்டியில் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனிக்காரர்கள். நான் குடியாத்தத்தில் ஏறுவேன். ஆம்பூருக்கு முன்னால் ஒரு ஹால்ட் உண்டு. ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. ஒரு பிளாட்பாரம், ஒரு பெயர்ப் பலகை, கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கிற ஏஜென்ட் ஒருவர், அவ்வளவுதான். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று தனம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “எழுதுனா அதுக்கும் ஒரு கணக்கு கேப்பானுங்க” என்பது அவள் பயம்.

அந்த ஹால்ட்டில்தான் தனம் ஏறுவாள். ஆம்பூரில் இறங்கிவிடுவாள். அவளும் ஷூ தைக்கிறவள்தான், ஆனால் அவள் வேறு கம்பெனி, நான் வேறு கம்பெனி. சாயங்காலம் ஓவர்டைம் ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு மாதிரி என்பதால் திரும்பும்போது பார்க்க முடியாது. ஆக எங்கள் சிநேகிதம் முழுவதும் காலையில் அந்த ஹால்ட்டுக்கும் ஆம்பூருக்கும் நடுவில்தான். ஒரு கால் மணி நேரம் இருக்கும். வண்டி லேட்டானால் கூடக் கொஞ்சம். வண்டி லேட்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆட்கள் இந்தியாவிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

முதல் நாள் அவள் என்னோடு சண்டைதான் போட்டாள். பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். “பைக்கு பாஸ் இருக்குதா?” என்று கேட்டுவிட்டு அதைத் தூக்கி என் மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்போது அவள் பையிலிருந்து ஒரு வாசனை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. “இன்னா கொழம்பு அது?” என்றேன்.

“கருவாட்டுக் கொழம்பு. வேணுமா? உன்னுத குடு, என்னுத எடுத்துக்கோ.”

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மத்தியானம் நான் சாப்பிட்டது தனம் சமைத்த சோறு. அவள் சாப்பிட்டது நான் சமைத்தது. ஏறியவுடன் டப்பா கை மாறும். மறுநாள் காலி டப்பாவும் திட்டும் வரும். “உப்ப எவன்டி தூக்கிட்டுப் போனான்?” என்பாள். “உன் ரசத்துக்கு என் கம்பெனி பசையே தேவல” என்பேன். திங்கட்கிழமை என் டப்பாவில் ஞாயிற்றுக்கிழமைக் கறி இருக்கும் என்று அவள் லைன் முழுக்கத் தெரியும். அவள் வேர்க்கடலைத் துவையலுக்கு என் லைனில் கியூ நிற்கும். அந்தப் பெண்கள் தனத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால், “தனம் அக்காவுக்கு ஒடம்பு சரியில்லயா? இன்னைக்கு நீங்க செஞ்சதயா கொண்டாந்திருக்கீங்க?” என்று முகத்தைச் சுளித்துக் கேட்பார்கள்.

எனக்குப் பிரஷர் வந்தபோது முதலில் உப்பைக் குறைத்தவள் அவள்தான். அவள் வீட்டுக்காரர் இறந்தபோது முப்பது கழியும்வரை அவள் வரவில்லை. அத்தனை நாளும் நான் அவளுக்கும் சேர்த்தே டப்பா கட்டிக்கொண்டு போய், ஹால்ட்டில் ஏறுகிற அவள் ஊர்ப் பெண் யாரிடமாவது சாயங்காலம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவள் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்பூர் தோல் நாற்றம் ஜன்னலில் வருகிற வரைக்கும் விடவில்லை.

இவ்வளவு இருந்தும் அவள் போன் நம்பர் என்னிடம் இல்லை. அவள் வீடு எங்கே என்று தெரியாது. நாளைக் காலையில் பார்க்கப்போகிறவளிடம் நம்பர் எதற்கு?

நிற்காமல் போன வண்டி

கொரோனா வந்தது. வண்டியெல்லாம் நின்றது. அதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மறுபடி வண்டி விட்டார்கள் என்றதும் முதல் நாளே டப்பா கட்டிக்கொண்டு ஓடினேன். பெட்டியில் பாதி ஆள்கூட இல்லை. எல்லோரும் முகத்தைத் துணியால் மூடியிருந்தோம். தனத்தின் இடத்தில் என் பையை வைத்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினேன். தூரத்தில் ஹால்ட் தெரிந்தது. வண்டி வேகம் குறையவே இல்லை. மஞ்சள் பலகை சட்டென்று வந்து சட்டென்று போய்விட்டது. “ஏய், நிறுத்தலடி! மறந்துட்டான்டி!” என்று நான்தான் முதலில் கூச்சல் போட்டேன்.

மறக்கவில்லை. நேர அட்டவணையில் அந்த ஹால்ட்டை எடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் நான் சமைத்ததை நானே சாப்பிட்டேன். என் கைப்பக்குவம் அவ்வளவு மட்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதையா அவள் இத்தனை வருஷம் தின்றாள்? திட்டிக்கொண்டே ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறாளே என்று நினைத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

பிறகு தினமும் அந்தப் பலகை ஜன்னலில் பறந்தது. உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. அந்த நாட்களில் அப்படித்தான் ஒவ்வொருவரையும் நினைக்க வேண்டியிருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் லீவு போட்டு ஆம்பூரில் இறங்கி, அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். ஷிப்டு விட்டு வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, “ஹால்ட் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டேன். வாட்ச்மேன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கடைசியில் ஒரு பெண், “தனம் பெரிம்மாவா? அவங்க நின்னுட்டாங்களே” என்று சொல்லி நம்பர் கொடுத்தாள். அங்கேயே நின்று போன் போட்டேன்.

“யாரு?”

“நான்தான்டி. உப்பில்லாத டப்பா.”

“சீலி... நீ செத்துட்டியோன்னு நெனச்சேன்டி” என்றாள்.

“நீயே இருக்குற, எனக்கு இன்னா கேடு?” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

வண்டி நிற்காததால் அவள் கொஞ்ச நாள் ஹைவே வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறிப் பார்த்திருக்கிறாள். தினமும் லேட். லேட்டானால் கேட்டை மூடிவிடுவார்கள். கடைசியில் வேலையை விட்டுவிட்டாள். அவள் மட்டுமில்லை, அந்தப் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர்.

“போன்தான் இருக்குதே, தெனம் பேச வேண்டியதுதான?” என்று என் மகன்கூடக் கேட்டான். பேசினோம். போனில் பேச ஏதாவது விஷயம் வேண்டியிருக்கிறது. வண்டியில் நாங்கள் பேசியதில் ஒரு விஷயமும் இருந்ததில்லை. அவள் தோள் என் தோளில் இடிக்க, ஜன்னலில் பாலாறு வறண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதைப் போனில் எப்படிச் செய்வது? எனக்கு அவள் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

டெல்லி என்கிற ஊர்

வண்டியை நிறுத்த யாரிடம் கேட்பது? இதில் எனக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு.

நான் சிறுமியாக இருந்தபோது ரயில், தபால், தந்தி, போன் எல்லாமே டெல்லியில் இருக்கிற அமைச்சகங்கள் கையில். எங்கள் அப்பா வீட்டுக்கு ஒரு போன் கேட்டு எழுதிப் போட்டார். தோல் மண்டியில் கணக்கெழுதுகிறவருக்குப் போன் எதற்கு என்று தெருவே சிரித்தது. வருஷங்கள் ஓடின. அம்மா கேட்கும்போதெல்லாம், “டெல்லில யாரோ ஒருத்தர் நம்ம பேர பாக்கணும்மா. அவருக்கு ஆயிரம் ஜோலி” என்பார். எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் போய், தெருவில் எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு ஒருநாள் லைன்மேன் வயரோடு வந்து நின்றார். அம்மா அவரை உட்கார வைத்து டீ கொடுத்தார். போனையும் வைக்கச் சொன்னார். “கேட்டவரு கேட்டுட்டாரு, வேணாம்னு சொல்ல நான் யாரு?” என்றார். அது அடித்து நான் கேட்டதில்லை.

அதனால் டெல்லிக்கு எழுதலாம் என்று எங்கள் பெட்டியில் ஷபானா சொன்னபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. ஷபானா காட்பாடிப் பெண். எங்கள் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். பி.காம். எப்போதும் போனில் தட்டிக்கொண்டே இருப்பாள். “இப்பல்லாம் லெட்டர் வேணாம் ஆன்ட்டி, போர்ட்டல்ல போட்டா போதும், அமைச்சகத்துக்கே போய்டும்” என்றாள். போட்டாள். எம்.பி.யிடமும் ஒரு மனு கொடுத்தோம்.

பதில் வந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம். அப்பா இருந்திருந்தால் தெருவுக்கே படித்துக் காட்டியிருப்பார்.

“அப்போ நாங்க இன்னா பேயா?”

ஆம்பூர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். ஹால்ட் பக்கத்துப் பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். எதிரே பிரியாணிக் கடையில் அண்டா திறக்கிற நேரம். தனத்தை அத்தனை காலம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும், “இன்னாடி இது, உருண்டு வந்து நிக்கிற?” என்றாள். அப்பாடா என்று இருந்தது.

ஷபானா போனைப் பார்த்துப் பதிலைப் படித்தாள். இங்கிலீஷில் நீளமாக இருந்தது. சாரம் இதுதான்: அந்த ஹால்ட்டில் ஏறுகிறவர்கள் யாருமே இல்லாததால் அங்கே வண்டியை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

“இன்னாது? யாருமே இல்லியா?” தனம் எழுந்துவிட்டாள். “தெனம் பொட்டி நெறைய ஏறுனோமே, அப்போ நாங்க இன்னா பேயா? எவன்டி அவன் எண்ணுனது?”

ஆளாளுக்குக் கத்தினார்கள். டீக்கடைக்காரர் பயந்து பெஞ்சை நகர்த்தினார். ஷபானா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, நீங்கல்லாம் சீசன் பாஸ் எங்கேர்ந்து எங்க எடுப்பீங்க?”

“குடியாத்தத்துலேர்ந்துதான்” என்றாள் தனம், இதில் என்ன கேள்வி என்கிற மாதிரி.

“நீங்க ஏறுறது ஹால்ட்டுலதான?”

“ஆமா. ஆனா குடியாத்தத்துலேர்ந்து எடுத்தாலும் அதே காசுதான். ஞாயித்துக்கெழம குடியாத்தம் சந்தைக்குப் போய்ட்டு வந்துக்கலாம்ல? தனியா டிக்கெட்டு எடுக்கத் தேவையில்ல.”

அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் அப்படித்தான். சீசன் பாஸில் ஒரு குறிப்பிட்ட தூரம் வரை ஒரே கட்டணம். ஹால்ட்டிலிருந்து எடுத்தாலும், அதற்கு முன்னாலேயே இருக்கிற குடியாத்தத்திலிருந்து எடுத்தாலும் காசு மாறாது. அப்புறம் எந்தப் பெண் கம்மியான தூரத்துக்கு எடுப்பாள்? முதலில் இதைக் கண்டுபிடித்த மகராசி யாரென்று தெரியாது. புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்ணுக்கு, எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதற்கு முன்னாலேயே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

“ஆன்ட்டி, டெல்லில ஆளப் பாத்து எண்ண மாட்டாங்க. டிக்கெட்ட வச்சுத்தான் எண்ணுவாங்க. நீங்க எல்லாரும் குடியாத்தத்துல ஏறுனதா கணக்கு. ஹால்ட்டுல யாருமே ஏறல.”

தனம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“புத்திசாலித்தனம் பண்ணோம்னு நெனச்சிட்டிருந்தோமேடி” என்றாள் என்னைப் பார்த்து. அவள் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததில்லை. எல்லோர் டீயும் ஆறிப் போயிருந்தது.

கணக்குக்கு ஒரு டிக்கெட்

அதற்கு மேல் நடந்ததற்கு ஷபானாவும் எம்.பி. ஆபீசும் காரணம். நடையாய் நடந்து, மறுபடி எழுதி, கடைசியில் அமைச்சகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. காலை வண்டி ஹால்ட்டில் ஒரு நிமிஷம் நிற்கும். ஆனால் சோதனைக்குத்தான், ஆறு மாதம். டிக்கெட் விற்றால் தொடரும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தனம் திரும்பி வந்துவிடுவாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அவள் பழைய கம்பெனியில் கேட்டாள், வயசாகிவிட்டது என்றார்கள். என் கம்பெனியில் நானே போய்க் கேட்டேன். எச்.ஆர்.காரர், “அந்த வயசுக்கு மேல எடுக்கறதில்லம்மா, பாலிசி” என்றார். அவள் தைத்த தையலை நீ பார்த்திருக்கிறாயா என்று சண்டை போட்டேன். பார்த்ததில்லை என்றார். நானும் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

ஆக வண்டி நின்றது, தனத்துக்கு ஏறிப்போக வேலை இல்லை. முதல் நாள் அவள் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டியது அப்போதுதான்.

முதல் நாளோடு விடவில்லை. தினமும் வந்தாள். தன் மகளிர் குழுவையும் இழுத்து வந்தாள். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறவள், நூறு நாள் வேலைக்குப் போகிறவள், ஊரில் சும்மா இருக்கிறவள் என்று ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். ஹால்ட் ஏஜென்ட் முனிரத்தினத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. “இன்னாம்மா, ஊரே எங்க போவுது?” என்று கேட்டாராம். “எங்கயும் போவல, நீ கிழி” என்றாளாம் தனம். வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் குடியாத்தம் பாஸை விட்டுவிட்டு, ஷபானா போனில் ஏற்றிக்கொடுத்த டிக்கெட் ஆப்பில் ஹால்ட்டிலிருந்தே பாஸ் எடுத்தார்கள். சந்தைக்குத் தனி டிக்கெட். முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார்கள், ஆனால் எடுத்தார்கள்.

எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது. வண்டி நின்றதும் டப்பா வாசல் வழியாக உள்ளே வரும், என் டப்பா வெளியே போகும். மிச்சமிருக்கிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டுவாள். “புளி ஜாஸ்தி. வயசானா கை நடுங்கும்தான், அதுக்காக இப்படியா?” வண்டி நகரும். ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போதவே போதாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்தக் கால் மணி நேரத்துக்கு மனசு இன்னும் அதிகமாகத்தான் அடித்துக்கொண்டது.

மழை பெய்த ஒருநாள் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். “மழையில எதுக்குடி வந்த?” என்றேன்.

“ஒருநாள் டிக்கெட்டு கம்மியாகி ஸ்டாப்ப எடுத்துட்டா?” என்றாள். “இந்தப் பொண்ணுங்கள பாரு சீலி. வண்டி இல்லன்னா என்னய மாதிரி வூட்ல குந்த வேண்டியதுதான்.”

முழங்கால் வலி அவளுக்கு. வீட்டிலிருந்து ஹால்ட்டுக்கு நடை நிறையவே உண்டு என்று பிற்பாடு நானே நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னதே இல்லை.

மாலை போட்ட எஞ்சின்

ஆறு மாதம் முடிந்து, மேலும் சில வாரம் இழுத்தடித்து, ஒரு காலையில் வண்டி ஹால்ட்டை நெருங்கும்போது ஷபானா கூவினாள். உத்தரவு வந்துவிட்டது. நிறுத்தம் இனிமேல் நிரந்தரம்.

ஹால்ட்டுக்கு எங்களுக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. பிளாட்பாரம் நிறையக் கூட்டம். எஞ்சினுக்கு மாலை, கற்பூரம், தேங்காய். டிரைவருக்கு சால்வை போட்டு வாயில் லட்டு திணித்தார்கள். அன்றைக்கு வண்டி ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நின்றது. எவளும் கடிகாரம் பார்க்கவில்லை.

தனம் கூட்டத்தை இடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். நெற்றி முழுக்கக் குங்குமம், யாரோ பூசிவிட்டிருக்கிறார்கள்.

“ஜெயிச்சிட்டோம்டி! பாத்தியா, யாருமே ஏறலன்னானுங்களே!”

கம்பிக்குள் கைவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினேன். “நாளைக்கு எனக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டா. விருந்து.”

அவள் சிரிப்பு குறைந்தது.

“நாளையிலேர்ந்து நான் வரலடி” என்றாள்.

“ஏன்?”

“கணக்குக்குத்தான வந்தேன். கணக்கு முடிஞ்சிபோச்சு. இனிமே இன்னாத்துக்கு டிக்கெட்டு?” கம்பியைப் பிடித்திருந்த என் விரல்மேல் தன் கையை வைத்தாள். “அதுவும் இல்லாம... எல்லாரும் ஏறிப் போறீங்க. நான் மட்டும் நின்னு பாக்குறேன். வண்டி போனப்புறம் பிளாட்பாரம் காலியா இருக்கும் பாரு, அப்ப ஏன் வந்தோம்னு இருக்குது சீலி. தெனம் முடியல.”

இத்தனை மாதம் ஜன்னலுக்கு உள்ளே இருந்து என் ஏக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் அடித்தது. பெண்கள் கைதட்டினார்கள். வண்டி நகர்ந்தது, அன்றைக்கு அவள் வண்டியோடு நடந்து வரவில்லை.

மறுநாள்

பழக்கதோஷத்தில் மறுநாளும் டப்பா கட்டினேன். மனசு கேட்கவில்லை, வந்துவிடுவாள், வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

வண்டி நின்றது. பெண்கள் சளசளவென்று ஏறினார்கள். தனம் இல்லை. முனிரத்தினம் தன் கூண்டுக்குள் குனிந்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். அப்படியொரு கோபம் வந்தது எனக்கு. டெல்லி மேல் கோபமா, தனத்தின் மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. இந்த நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவும் செய்தோம், இந்த நிமிஷத்தில் இவள் இல்லையே என்று நெஞ்சு கொதித்தது. எழுந்தேன். ஏறுகிறவர்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

“ஆன்ட்டி! இது ஹால்ட்டு!” என்று ஷபானா கத்தினாள். எனக்குத் தெரியாதா?

வண்டி போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அந்த பிளாட்பாரத்தில் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். தனம் சொன்னது சரி. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு அப்படியொரு அமைதி.

முனிரத்தினம் கூண்டிலிருந்து ஓடி வந்தார். “இன்னாம்மா, எறங்கிட்டீங்க? அடுத்த வண்டி நிக்காதே!”

“தனம் வூடு எங்க?”

“நேரா போங்க. தண்ணி டேங்க்கு வரும். சோத்தாங்கை பக்கம் திரும்புனா மூணாவது வூடு.”

கம்பெனிக்குப் போன் போட்டு இன்றைக்கு வரவில்லை என்றேன். காரணம் கேட்டார்கள். “பாலிசி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேர்க்கடலைக் கொல்லை ஓரமாகப் பாதை போனது. ஆம்பூர் நாற்றம் இங்கே இல்லை, பச்சை மண் வாசனைதான். நடந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் டேங்க் வருவேனா என்றது. இந்தத் தூரத்தையா முழங்காலை வைத்துக்கொண்டு தினமும் நடந்தாள் பாவி, ஒரு நிமிஷம் திட்டுவதற்கு?

மூன்றாவது வீட்டின் பக்கவாட்டில், குழாயடியில் பாத்திரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேய்க்கவில்லை. ரயில் பாதை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். கை முழுக்கச் சாம்பல். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

நான் எப்படி வந்தேன், ஏன் வந்தேன், வேலை என்ன ஆச்சு, எதையும் அவள் கேட்கவில்லை.

“வண்டி நின்னுச்சா?” என்று கேட்டாள்.

“நிக்காமலா நான் எறங்குனேன்?”

அவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. எழுந்து கிட்டே வந்து, சாம்பல் கையோடு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். “நான் டிக்கெட்டு எடுக்கலியேடி. நின்னுச்சா?”

“நின்னுச்சுடி.”

“முழுசா ஒரு நிமிஷம்?”

“முழுசா” என்றேன்.